சுருண்ட கொழுந்தும் புது வைரஸும்

போன மாதம் எங்கள் மாடியில் செம்பருத்திக் கொழுந்து, கையை இறுக மூடிக்கொண்டதுபோல் சுருண்டுவிட்டது. பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "ஏதோ புது வைரஸ் தம்பி, வேரோட பிடுங்கிடு" என்றார். கொழுந்தைப் பிரித்தேன். மடிப்புக்குள் பஞ்சுத் துணுக்குபோல் வெள்ளை அப்பியிருந்தது. நகத்தால் கீறினால் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுத்தது. தண்டில் எறும்புச் சாரை. மாவுப்பூச்சி! சாறு உறிஞ்சும்போது அதன் உமிழ்நீரில் இறங்கும் நஞ்சுதான் கொழுந்தை முறுக்குகிறது. நுனிகளை வெட்டி, சோப்புக் கரைசல் அடித்தேன். மூன்றே வாரத்தில் தளிர் நேராக வந்துவிட்டது.

செம்பருத்திக்கு வைரஸே வராது என்றும் இல்லை. பருத்தியைப் படுத்தும் இலைச்சுருள் வைரஸ், வெள்ளை ஈ வழியாக இதற்கும் வரும். அப்போது இலையின் அடிப்பக்கம் நரம்புகள் தடித்து, சில சமயம் பச்சைப் புடைப்புகளும் எழும். ஆனாலும் கண் சந்தேகப்படலாமே தவிர, தீர்ப்புச் சொல்ல முடியாது. மாமாவைப் போல் பலரும் நம்பும் சிலவற்றைப் பார்ப்போம்.

"புது வைரஸ் என்றால் புதிதாகக் கிளம்பியது"

பெரும்பாலும் பழைய ஆள்தான், பெயர்தான் புதிது. வட அமெரிக்காவின் 'ரோஸ் ரோசட்' நோயைப் பாருங்கள். தளிர் சிவந்து, துடைப்பம்போல் கொத்தாகி, முள் அளவுக்கு மீறிப் பெருகும். 1940-களிலேயே இதைக் கண்டுவிட்டார்கள். களைக்கொல்லி பட்ட ரோஜாவும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும் என்பதால் குழப்பம் வேறு. நோயைப் பரப்புவது கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேன் (நம் தென்னங்காயைச் சொறியாக்கும் ஈரியோபைட் சிலந்திக்குச் சொந்தம்) என்பதும் எப்போதோ தெரிந்துவிட்டது. வைரஸ் இன்னதென்று ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியது 2011-இல்!

"லேப்பில் கொடுத்தால் எந்த வைரஸும் தெரிந்துவிடும்"

வழக்கமான சோதனை, ஏற்கெனவே தெரிந்த வைரஸைத்தான் தேடும். புதியதைப் பிடிக்க, இலையில் உள்ள மரபுச் சரங்களை மொத்தமாக வாசித்து, செடிக்குச் சொந்தமில்லாததைக் கணினியில் பிரிக்க வேண்டும். வெள்ளை ஈ பரப்பும் பெகோமோ வைரஸ்களுக்கு ஒரு கணக்கு உண்டு: மரபுச் சரம், ஏற்கெனவே தெரிந்த எந்த வைரஸோடும் 91 சதவீதத்துக்குக் கீழேதான் ஒத்துப்போகிறது என்றால் அது புது இனம். அதோடு வேலை முடியாது. ஒரே செடியில் இரண்டு மூன்று வைரஸ்கள் குடியிருக்கலாம்; நோய்க்குக் காரணம் எது என்று காட்ட, அதை நல்ல செடிக்கு ஏற்றி அதே அறிகுறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். செய்தித்தாள் தலைப்புகளில் இந்தப் பகுதிதான் எப்போதும் காணாமல் போகும்.

"இலையில் வரி, புள்ளி இருந்தால் அது ரக அழகு"

குரோட்டன்ஸுக்கும் மணி பிளான்ட்டுக்கும் சரி. அது அவற்றின் பிறவிக் குணம். ஆனால் நம் துத்தியின் உறவான அபுட்டிலான் ஒன்று, மஞ்சள் திட்டுக்காகவே 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் விலை போனது. ஒட்டுக்கட்டினால் அந்தத் திட்டு பச்சைச் செடிக்கும் தொற்றுகிறது என்று ஜெர்மன் தாவரவியலாளர் எர்வின் பவுர் 1904-இல் எழுதினார். அழகென்று விற்றது வைரஸ் நோயை.

"வேப்பெண்ணெய் அடித்தால் போய்விடும்"

சுமக்கும் பூச்சி குறையலாம். செடிக்குள் புகுந்த வைரஸ் போகாது. அதிலிருந்து எடுக்கும் குச்சியிலும் கிழங்கிலும் கூடவே வரும்.

மாமா போன வாரம் மறுபடி மாடிக்கு வந்தார். இந்த முறை கண் கல்வாழையின் மேல் விழுந்தது. "இலையில மஞ்சள் வரி நல்லா இருக்கே, ஒரு கிழங்கு குடு" என்றார். நர்சரியில் வாங்கி வந்தபோது அதில் வரியே இல்லை. நான் கொடுக்கவில்லை. மாமாவுக்குக் கோபம்.