ஒரே மாதிரி தோன்றும் இரண்டு கேபிள்கள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கூரையிலுள்ள தொலைக்காட்சி அன்டெனாவிலிருந்து வரவேற்பறைவரை 30 மீட்டர் கேபிள் இழுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடையில் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் கறுப்பு உறை. இரண்டிலும் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோகப் பின்னல். ஒன்றில் ‘ஆர்ஜி-6’ என்றும் மற்றதில் ‘ஆர்ஜி-58’ என்றும் அச்சிடப்பட்டுள்ளது. மலிவானதை வாங்கினால் போதாதா? போதாது. தவறானதை வாங்கினால், அன்டெனா பிடித்த சமிக்ஞையில் பெரும்பகுதி வழியிலேயே வெப்பமாக மாறித் தொலைந்துவிடும்.

நான்கு அடுக்குகள்

கேபிளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் கடத்திக் கம்பி, அதன்மேல் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் காப்பு, அதன்மேல் உலோகத் தாளும் பின்னலும், எல்லாவற்றுக்கும் வெளியே உறை. அனைத்துக்கும் ஒரே மையம் இருப்பதால் இதை ‘ஓரச்சு வடம்’ என்கிறோம். ஆங்கிலேய அறிஞர் ஆலிவர் ஹெவிசைட் 1880ஆம் ஆண்டிலேயே இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

நடுக்கம்பியில் செல்லும் மின்னோட்டம், பின்னலின் உட்புறம் வழியாகத் திரும்புகிறது. இரண்டும் அளவில் சமம், திசையில் எதிர். ஆகவே மின்காந்தப் புலம் காப்புப் பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சமிக்ஞை வெளியே கசிவதில்லை. வெளியிலுள்ள இரைச்சலும் எளிதில் உள்ளே வருவதில்லை.

மேற்பரப்பில் ஓடும் மின்னோட்டம்

வீட்டு மின்கம்பியில் மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அது கம்பியின் முழுத் தடிமனிலும் பரவி ஓடும். தொலைக்காட்சிச் சமிக்ஞையின் அதிர்வெண்ணோ சுமார் 600 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 கோடி அலைவுகள். இந்த வேகத்தில் மின்னோட்டத்தின் பெரும்பகுதி, செம்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய 0.003 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் ஒதுங்கிவிடுகிறது. இதற்கு ‘மேற்பரப்பு விளைவு’ என்று பெயர்.

ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். ஆர்ஜி-6 துண்டு ஒன்றின் நடுக்கம்பியருகே காந்தத்தைக் கொண்டு செல்லுங்கள். பல கேபிள்களில் அது ஒட்டிக்கொள்ளும். காரணம், உள்ளே இருப்பது எஃகு. மேலே செம்புப் பூச்சு. மின்னோட்டம் மேற்பரப்பில் மட்டும் ஓடுவதால் தொலைக்காட்சிச் சமிக்ஞைக்கு அந்தப் பூச்சே போதும்.

ஓடும் இடம் குறுகினால் மின்தடை கூடும். அதிர்வெண் உயர உயர இழப்பு அதிகரிப்பதற்கு இது முக்கியக் காரணம். தடித்த கம்பிக்குச் சுற்றளவு அதிகம். அதனால் இழப்பு குறைவு.

இழப்பைக் கணக்கிடுவோம்

இழப்பை டெசிபெல் என்ற அலகில் சொல்கிறார்கள். 3 டெசிபெல் இழந்தால் ஆற்றல் பாதியாகும். இன்னொரு 3 டெசிபெல் இழந்தால் அந்தப் பாதியும் பாதியாகும்.

600 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஆர்ஜி-6 சுமார் 20 டெசிபெல் இழக்கும். ஆர்ஜி-58 சுமார் 40 டெசிபெல் இழக்கும். எனவே நமது 30 மீட்டருக்கு:

ஆர்ஜி-6: 6 டெசிபெல். நான்கில் ஒரு பங்கு வந்துசேரும்.
ஆர்ஜி-58: 12 டெசிபெல். பதினாறில் ஒரு பங்குதான் வந்துசேரும்.

பழைய ஒளிபரப்பில் சமிக்ஞை குறைந்தால் திரையில் புள்ளிகள் தெரியும். ஆனாலும் படத்தைப் பார்க்கலாம். மலேசியா 2019 அக்டோபரில் முழுமையாக மின்னிலக்க ஒளிபரப்புக்கு மாறியது. மின்னிலக்கப் படம் ஓர் எல்லைவரை தெளிவாக இருக்கும். அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு மறைந்தே போகும். அந்த 6 டெசிபெல் வித்தியாசமே படம் வருவதையும் வராததையும் தீர்மானிக்கலாம். ஆனால், ஒரு மீட்டர் மட்டுமே தேவைப்பட்டால் ஆர்ஜி-58இன் இழப்பு வெறும் 0.4 டெசிபெல்தான். ஆகவே நீளமும் முக்கியம்.

75 ஓமா, 50 ஓமா?

ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம். ஆர்ஜி-58 கேபிள் 50 ஓம். மின்தடை அளக்கும் கருவியில் இந்த எண் தெரியாது. இது கேபிளில் பயணிக்கும் அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம். இதை ‘மின்மறுப்பு’ என்பர். கேபிளின் நீளம் இதை மாற்றாது. நடுக்கம்பியின் விட்டம், பின்னலின் விட்டம், காப்புப் பொருள் ஆகியவையே இதைத் தீர்மானிக்கின்றன.

காற்றைக் காப்பாகக் கொண்ட வடத்தில், ஏறக்குறைய 77 ஓமில் இழப்பு மிகக் குறைவு. 30 ஓமில் அதிக ஆற்றலை அனுப்பலாம். எனவே சமிக்ஞையைப் பெறும் தொலைக்காட்சிக்கு 75 ஓம் பழக்கத்துக்கு வந்தது. ஒலிபரப்பும் வானொலிக் கருவிகளுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட 50 ஓம் வழக்கமானது.

இரண்டையும் இணைத்தால் என்ன ஆகும்? வித்தியாசம் 25, கூட்டுத்தொகை 125. 25ஐ 125ஆல் வகுத்தால் 0.2, அதன் வர்க்கம் 0.04. அதாவது, அந்த இணைப்பில் 4 விழுக்காடு ஆற்றல் திரும்பிவிடும். தொலைக்காட்சிக்கு இது சிறிய இழப்பே. ஆர்ஜி-58 வழியிலேயே விழுங்குவதுதான் பெரிது. ஆனால் பின்னலின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டால், சமிக்ஞை ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். இணைப்பியைப் பொருத்தும்போது கவனம் தேவை.

கடலடி தந்த பாடம்

கண்ணாடி இழை வடங்கள் வருமுன், கடலடித் தொலைபேசி அழைப்புகளும் ஓரச்சு வடத்தில்தான் சென்றன. 1967இல் முழுமை பெற்ற ‘சீகாம்’ வடம், சிங்கப்பூரிலிருந்து இன்றைய கோத்தா கினபாலு, ஹாங்காங், குவாம் வழியாக ஆஸ்திரேலியாவை எட்டியது. வழிநெடுக, கடலுக்கடியில் பெருக்கிகள் வைக்கப்பட்டன. சமிக்ஞை இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்துபோகுமுன் அதைப் பெருக்கவேண்டும். கரைந்தபின் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். வீட்டிலும் அப்படித்தான். பெருக்கி தேவைப்பட்டால், தொலைக்காட்சிக்குப் பின்னால் அல்ல, அன்டெனாவுக்கு அருகில் பொருத்துவதே நல்லது.

ஆகவே கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அதிர்வெண் எவ்வளவு? நீளம் எவ்வளவு? கருவி எத்தனை ஓம்? விலையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பயிற்சி: 600 மெகாஹெர்ட்ஸில் 45 மீட்டர் ஆர்ஜி-6 பயன்படுத்தினால் எத்தனை பங்கு ஆற்றல் வந்துசேரும்?

விடை: இழப்பு 9 டெசிபெல், எட்டில் ஒரு பங்கு வந்துசேரும்.