சிறையறையில் வாசிக்கப்பட்ட சங்கீதங்கள்

திருமறையின் சங்கீதப் புத்தகத்திலுள்ள 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் சங்கீதங்கள், அதாவது நோய், பகை, கைவிடப்பட்ட நிலை ஆகியவற்றைக் கடவுள் முன் வைத்து முறையிடும் பாடல்கள் ஆகும். ஆயினும், ஆராதனையிலும் வீட்டு ஜெபத்திலும் துதிப் பாடல்களுக்குக் கிடைக்கும் இடம் இவற்றுக்குக் கிடைப்பது அரிது. 13ஆம் சங்கீதம், இது எதுவரை நீடிக்கும் என்று நான்கு முறை கேட்டுவிட்டே நம்பிக்கைக்கு வந்து சேர்கிறது. 88ஆம் சங்கீதமோ அவ்வாறு வந்து சேராமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அத்தகைய பாடலுக்கும் வேதத்தில் இடமுண்டு என்றால், சோர்ந்துபோனவரின் முறையீட்டை அவிசுவாசம் என்று கடிந்துகொள்ள எவருக்கும் உரிமையில்லை.

இப்பாடல்களின் வலிமையை வாழ்ந்து அறிந்தவர்களுள் ஒருவர் ஜெர்மானிய லுத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர். நாஜி ஆட்சியின் தலையீட்டை எதிர்த்து நின்ற அறிக்கைத் திருச்சபைக்காக 1935 முதல் ஃபிங்கன்வால்டேயில் அவர் நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளியில், காலையும் மாலையும் சங்கீதம் வாசிக்கப்பட்டது. ஒரே வேதபகுதியை வாரம் முழுவதும், நாள்தோறும் அரைமணி நேரம், மௌனமாகத் தியானிக்கும் ஒழுங்கும் இருந்தது. மாணவர் பலருக்கு அந்த மௌனம் முதலில் பெரும் பாரமாகவே இருந்தது. 1937இல் ரகசியக் காவல்துறை அப்பள்ளியை மூடியது.

1943 ஏப்ரல் 5 அன்று கைதாகி பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டபோது, முதல் இரவில் தரப்பட்ட போர்வைகளின் நாற்றம் தாங்காமல் குளிரிலும் அவற்றை அவர் விலக்கிவைக்க நேர்ந்தது. காலையில் ரொட்டித் துண்டு அறைக்குள் வீசப்பட்டது. அந்நாள்களின் துண்டுக் குறிப்புகளில் தற்கொலை எண்ணம்கூடப் பதிவாகியிருப்பதால், விசுவாசமுள்ளவருக்கு மனச்சோர்வு வராது என்னும் மேடைப் பேச்சை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும், பல ஆண்டுகளாகச் செய்துவந்ததைப் போலவே சங்கீதங்களை நாள்தோறும் வாசித்துவருவதாகவும், அவற்றுள் 3, 47, 70 ஆகியவற்றை இசையமைப்பாளர் ஹைன்ரிஷ் ஷூட்ஸின் இசை காதில் ஒலிக்காமல் வாசிக்க இயலவில்லை என்றும் மே மாதத்தில் பெற்றோருக்கு எழுதினார். சுதந்திரமாக இருந்த நாள்களில் ஊறிய பழக்கமே சிறையில் கைகொடுத்தது. சிறைக்குள் வந்தபின் அதைப் புதிதாகத் தொடங்கியிருந்தால் இத்தனை பயன் விளைந்திருக்குமா என்பது ஐயமே.

அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்குச் சக கைதிகளுக்காக அவர் எழுதிய ஜெபங்களிலும் இருள், தனிமை, பொறுமையின்மை ஆகியவை மூடிமறைக்கப்படாமல் கடவுள் முன் வைக்கப்படுகின்றன. இதனினும் கருதத்தக்கது 1944 ஜனவரியில் நடந்த ஒரு நிகழ்ச்சி: குண்டுவீச்சின்போது எல்லாரும் தரையில் படுத்திருக்க, வழக்கமாக எதையும் விளையாட்டாகப் பேசும் ஒருவர் கடவுளை அழைத்து அலறியபோது, போன்ஹோஃபர் அவருக்கு வேதவசனம் எதுவும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இது நீடிக்காது என்று மட்டும் சொன்னார். ஒருவரின் அச்சத்தைப் பிரசங்கத்துக்கு வாய்ப்பாக்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை. மருத்துவமனைக்கும் துக்க வீட்டுக்கும் செல்லும் ஊழியர்கள், ஆறுதல் வசனங்களை அடுக்குவதற்கு முன், இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப்பார்ப்பது நல்லது.

கிறிஸ்தவ நம்பிக்கை விடுதலைக்கான உத்தரவாதமும் அன்று. போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாஸன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள்வரை சக கைதிகளுக்கு ஆராதனை நடத்தும் நிலையில் அவரை நிறுத்தியதுதான் அந்த நம்பிக்கையின் பயன்.

இவ்வழியைக் கைக்கொள்ள விரும்புவோர், துன்பம் வரும்வரை காத்திராமல், ஆறே வசனங்கள் கொண்ட 13ஆம் சங்கீதத்தை ஒரு வாரம் காலைதோறும் வாய்விட்டு வாசிக்கலாம்; மனம் ஒன்றாத நாளிலும் வாசிப்பை நிறுத்த வேண்டியதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின், ஜெபத்தோடு மருத்துவரையும் நாட வேண்டும். 88ஆம் சங்கீதத்தைத் தனியே வாசிக்காமல், நம்பிக்கைக்குரிய ஒருவரோடு சேர்ந்து வாசிப்பதே தக்கது.