காய்ச்சல் கண்டால் முதற் கேள்வி: எங்கே போய் வந்தீர்கள்?



மலேரியா என்றதும் வன்னிப் பக்கத்து முறைக்காய்ச்சல் பெரியவர்களுக்கு நினைவுக்கு வரும். டென்மார்க்கிலும் 19ஆம் நூற்றாண்டில் லொலண்ட் தீவில் இந்நோய் இருந்தது. ஒரு நாட்டைவிட்டு நீங்கிய நோய் மீண்டும் வராமல் காப்பது எப்படி? நாம் பிறந்த நாட்டிலேயே இதற்குப் பாடம் உண்டு.

1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளிகளே காணப்பட்டனர். ஆபத்து நீங்கியதென்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். மறுபடியும் பல்லாண்டு உழைத்தே, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்று இல்லாத நிலை உருவானது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றிதழ் அளித்தது.

ஆனால் நோய் வெளியிலிருந்து வரலாம். 2004 முதல் ஹெயிட்டிக்கும், பின்னர் மத்திய ஆபிரிக்கக் குடியரசு, தென் சூடான் ஆகிய நாடுகளுக்கும் ஐ.நா. அமைதிப் பணிக்காக இலங்கைப் படையினர் சென்றனர். அவர்களுக்கு அங்கே தடுப்பு மாத்திரை உண்டு. திரும்பியதும் மலேரியா தடை இயக்கம் இரத்தத்தைச் சோதித்து, தொடர்ந்தும் கவனிக்கிறது. காரணம், ஒருவகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அவர் வீடு சென்றபின் காய்ச்சல் வந்தால், அவ்வூர் நுளம்பு அதை அயலவருக்குக் கொண்டுபோகும். நுளம்பு சீருடை பார்த்துக் கடிப்பதில்லை. வியாபாரி, யாத்திரிகர், அகதி யாவரும் ஒன்றே. 2016இன் இறுதியில் நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் புதிய நுளம்பினம் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டதால் இக்கவனம் இன்னும் அவசியமாகிறது.

கோப்பன்ஹேகனில் மலேரியா பிறருக்குப் பரவாது. ஆயினும் தாமதித்தால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. "நாங்கள் அங்கே பிறந்தவர்கள், எங்களுக்கு வராது" என்பது தவறு. இளமையில் பெற்ற எதிர்ப்புச் சக்தி காலப்போக்கில் குறைந்துவிடும். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அது அறவே இல்லை.

மனதிற் கொள்க:

1. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ பயணம் போகுமுன், தடுப்பு மாத்திரை தேவையா என்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

2. திரும்பி மூன்று மாதத்துள் காய்ச்சல் வந்தால், தடிமன் என்று இருந்துவிடாமல் அன்றே வைத்தியரை நாடுங்கள். அதற்குப் பிந்திய காய்ச்சலானாலும் பயணத்தைச் சொல்லுங்கள்.

3. வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல், சென்ற நாடுகளையும் திகதிகளையும் நீங்களே கூறுங்கள். டெனிஷ் தெரியாத முதியவர்களுக்குப் பிள்ளைகள் இதை எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.

ஒரு துளி இரத்தத்தில் நோய் தெரிந்துவிடும். உரிய வேளையில் மருந்தெடுத்தால் முற்றாகக் குணமாகும்.