உன் கையெழுத்து உன்னிடமே இருக்கட்டும்

கண்ணு, போன மாதத்தோடு உனக்குப் பணி ஓய்வு. மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். "இனி யாருக்கும் பாரமா இருந்துடக் கூடாது பெரியம்மா, அது போதும்" என்று அன்று சொன்னாய். 58 வயதில் பள்ளியை விட்டு வெளியே வந்தபோது நானும் இதையேதான் சொன்னேன். இப்போது எனக்கு 78. அந்த நினைப்பு என்னை எங்கெல்லாம் இடறி விழவைத்தது என்று உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப்போகிறேன்?

1. உன் கணக்கை நீயே பார். முப்பது வருடம் சம்பளம் வாங்கினேன். வங்கிப் படி ஏறியது நாலைந்து தடவை. எல்லாம் உன் பெரியப்பாதான். அவருடைய காரியம் முடிந்த மறுநாள் பீரோவைத் திறந்துவைத்து, எது வைப்பு ரசீது, எது கட்டி முடித்த கடன் பத்திரம் என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வைப்புக் கணக்கில் நாமினி பெயரே இல்லை. அந்த ஒன்றுக்காக வாரிசுச் சான்றும் பத்திரமுமாக எட்டு மாதம் அலைந்தேன். அழுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை, அம்மாடி. மாதம் ஒரு தடவை பாஸ்புக்கை நீயே பதிந்து வா. ஓய்வூதியருக்கான வாழ்நாள் சான்றை இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே தரலாம். பேரனிடம் கொடுத்துவிடாதே, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீ செய். ஓடிபி கேட்பவன் யாராக இருந்தாலும் சொல்லாதே.

2. கொடு, எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே. ஓய்வுப் பணம் முழுவதையும் ஒரே காசோலையில் மகன் வாங்கிய வீட்டுக்குக் கொடுத்தேன். அவன் நல்ல பிள்ளை. ஆனால் எனக்கு அறுவை சிகிச்சை வந்தபோது, காப்பீடு போக மீதியைக் கட்ட அவன் கடன் வாங்க வேண்டியிருந்தது. நான் கொடுத்த பணம் அவன் தலையில் கடனாகத் திரும்பி வந்ததைப் பார்த்தேன். அஞ்சலகத்தில் 60 வயதானவர்களுக்கென்றே சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வரும். முதலில் அதில் உன் பங்கைப் போடு. வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதத் தோன்றினால் அவசரப்படாதே. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசிவரை உன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுது. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், பராமரிக்காதவரிடமிருந்து சொத்தை மீட்க வழி இருக்கிறது. அந்த மனுவைக் கோட்டாட்சியர் விசாரிப்பார். நிபந்தனையை எழுதாமல் விட்டவர்கள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறியிருக்கிறார்கள். பிள்ளைகளை நம்பாதே என்று சொல்லவில்லை. பாசம் வேறு, பத்திரம் வேறு.

3. முதல் தடவை விழுந்ததை மறைக்காதே. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கேள். குளியலறையில் முதலில் வழுக்கியபோது எழுந்து சேலையை மாற்றிக்கொண்டு காபி போட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால், "தனியா இருந்தது போதும்மா, இங்கே வந்துடுங்க" என்பான் மகன். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை இடுப்பு எலும்பு முறிந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். என் குரல் பால்காரருக்குக் கேட்டுக் கதவை உடைத்துத் தூக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. மருத்துவமனையில் அந்தப் பெண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எழுந்ததும் தலை சுற்றுமா?" பல மாதமாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்ததும் நின்றுவிட்டது. முதல் தடவையே சொல்லியிருந்தால் ஒரு மாத்திரைச் சீட்டோடு போயிருக்கும். தனியாக இருக்கும் உரிமை பறிபோகும் என்று மறைத்தேன். மறைத்ததால்தான் ஒன்பது மாதம் மகன் வீட்டுக் கட்டிலில் கிடந்தேன்.

குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி, தரையில் சொரசொரப்பான ஓடு, இரவில் ஒரு சின்ன விளக்கு. இவற்றை இப்போதே செய்துவிடு. படுக்கையிலிருந்து எழுந்தால் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கால் ஊன்று. தாழ்ப்பாள் வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும்.

4. காலைக் காப்பாற்று. 65 தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டுமாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகு. உழவர் சந்தைக்கு நடந்தே போ. தரையில் சம்மணமிட்டு உட்கார எனக்கு இப்போது தடை. உன்னால் முடிகிறவரை விட்டுவிடாதே.

5. கேட்கத் தெரிந்துகொள். கைத்தடியோடு தெருவில் இறங்க வெட்கப்பட்டு நாலு மாதம் வாசலைத் தாண்டவில்லை. ஒரு நாள் மருமகள் தடியைக் கையில் கொடுத்து, "கோயிலுக்குப் போலாம் அத்தை, எனக்கும் துணைக்கு ஆள் வேணும்" என்றாள். அன்று போனேன். தடி பிடித்ததால் என் மானம் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்த நாலு மாதம்தான் போயிற்று. உதவியை வாங்கிக்கொள், முடிவை மட்டும் நீயே எடு.

6. காலையில் எழ ஒரு வேலை வைத்துக்கொள். நம் மதுரையின் டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு இளவயதிலேயே முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களை வைத்துக்கொண்டே கண் அறுவை செய்யப் பழகினார். 1976-இல், அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். என் இடக்கண்ணின் புரையை அங்கேதான் எடுத்தார்கள். நீ மருத்துவமனை கட்ட வேண்டாம். தெருவில் கணக்கு வராத பிள்ளை ஒன்று இருக்கும். சாயங்காலம் கூப்பிட்டு உட்காரவை.

7. உன்னைவிட இளையவர்களோடு பழகு. என் வயதுத் தோழிகளில் இப்போது இருவர்தான் இருக்கிறார்கள்.

இந்த ஞாயிறு காலை வீட்டுக்கு வா, கண்ணு. உன் பாஸ்புக்குகளை எல்லாம் எடுத்து வா. எதிலெல்லாம் நாமினி பெயர் இல்லை என்று இருவரும் உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.