தரை கழுவும் இயந்திரம்: தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

சமுதாயக் கூடம், உழவர் சந்தை, தானியக் கிடங்கு, பள்ளிக்கூடம் என்று நமது கிராமங்களிலும் அகன்ற சிமெண்டுத் தளங்களும் டைல்ஸ் தளங்களும் பெருகி வருகின்றன. அவற்றைக் கழுவ ஓர் இயந்திரம் வாங்கலாமா என்ற கேள்வி பஞ்சாயத்துக் கூட்டங்களில் எழுவது இயற்கையே. விலைப்பட்டியலை முதலில் கையில் எடுத்தால் இக்கேள்விக்குச் சரியான விடை கிடைக்காது. முதலில் தரையைப் பார்க்க வேண்டும். அடுத்து அதைச் சுத்தம் செய்பவரைப் பார்க்க வேண்டும். இயந்திரம் மூன்றாவதாகவே வரும். இதனைச் சென்னைக்கு வந்துபோகும் நம்மவர் பலரும் கண்டிருக்கக்கூடிய மூன்று தளங்களைக் கொண்டு விளக்குவோம். ஒவ்வொன்றிலும் அத்தகைய தரைக்கு எது பொருந்தும் என்று மட்டும் ஆராய்வோம்.

இயந்திரம் செய்யும் வேலை

இந்த இயந்திரத்தில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்றிலிருந்து சோப்பு கலந்த நல்ல நீர் தரையில் இறங்கும். சுழலும் பிரஷ் அழுக்கைத் தேய்க்கும். பின்னாலுள்ள ரப்பர் பட்டை அழுக்கு நீரைக் கூட்டிச் சேர்க்க, மோட்டார் அதனை உறிஞ்சி இரண்டாம் தொட்டியில் விடும். தரை விரைவில் உலர்ந்துவிடுவதால் நடப்பவர் வழுக்கி விழும் அபாயம் குறைகிறது. குனிந்து தேய்ப்பவரின் முதுகு வலியும் குறைகிறது. இவ்விரண்டு நன்மைகளுக்காகவே இயந்திரம் வேண்டும், பெருமைக்காக வேண்டாம்.

முதல் தளம்: நீளமும் நேரமும்

தியாகராய நகரில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 570 மீட்டர், அகலம் 4.2 மீட்டர். பரப்பு ஏறக்குறைய 2,400 சதுர மீட்டர்.

அரை மீட்டர் அகலம் தேய்க்கும் இயந்திரத்தை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிச் சென்றால், கணக்குப்படி மணிக்கு 2,000 சதுர மீட்டர் முடிய வேண்டும். ஆனால் திரும்புவதற்கும், ஒரு பட்டைமேல் மறு பட்டை சற்றுப் படியும்படி ஓட்டுவதற்கும், நீர் நிரப்புவதற்கும் நேரம் போகும். ஆகவே நூற்றுக்கு அறுபது பங்கை மட்டும் எடுத்துக்கொள்வது விவேகம். அப்படியானால் மணிக்கு 1,200 சதுர மீட்டர்; இத்தளத்துக்கு 2 மணி நேரம். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் செலவாகுமானால் 40 லிட்டர் தொட்டியை மூன்று முறை நிரப்ப வேண்டும். குழாய் எங்கே இருக்கிறது, இயந்திரம் லிப்டின் வாயிலில் நுழையுமா, ஜனங்கள் நடமாட்டமற்ற வேளை எது என்பவற்றை வாங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாம் தளம்: ஓசையும் சுமையும்

கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் 9 தளங்கள் கொண்டது. இத்தகைய கட்டடத்தில் படிப்பவர்க்கு இடையூறு செய்யாத குறைந்த ஓசையுடைய இயந்திரமே தகும். மேசை நாற்காலிகளுக்கு இடையே நுழைவதற்குச் சிறிய இயந்திரம் ஏற்றது. ஆள் ஏறி அமர்ந்து ஓட்டும் பெரிய இயந்திரம் திறந்த கூடங்களுக்கும் கிடங்குகளுக்குமே உரியது. நீரும் பாட்டரியும் நிறைந்த நிலையில் உள்ள எடையைக் கேட்டறிந்து, லிப்ட் தாங்கும் சுமையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிக அவசியம்.

மூன்றாம் தளம்: இயந்திரம் பயன்படாத இடம்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பிரகாரத்தில் பாவிய கருங்கற்களை நினைத்துப் பாருங்கள். பழைய கல் தளங்களில் மேடு பள்ளமும் இணைப்பு இடுக்குகளும் உண்டு. அங்கே ரப்பர் பட்டை தரையோடு ஒட்டி நிற்காது. அழுக்கு நீர் இடுக்குகளிலேயே தங்கிவிடும். விளக்கெண்ணெய்ப் பிசுக்கு நீரால் மட்டும் போகாது. தகுந்த சோப்பும், ஊறவைக்கும் நேரமும், கைப்பிரஷும் வேண்டும். விலையுயர்ந்த இயந்திரத்தைவிடப் பழகிய கையே சிறந்ததாகும் இடமும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

தரையின் இயல்பு

மொசைக், பளிங்கு, கடப்பைக் கல் ஆகியவற்றில் அமிலம் பட்டால் மெருகு அழிந்துவிடும். வழவழப்பான தரைக்கு மென்மையான வட்டத் திண்டு போதும். வரி வரியான தரைக்கு உருளைப் பிரஷ் நன்று. நுரை அதிகம் வரும் சோப்புத்தூளை ஊற்றக் கூடாது. நுரை உறிஞ்சும் மோட்டாருக்குள் புகுந்து அதனைக் கெடுக்கும். மண்ணும் கல்லும் உள்ள இடத்தில் முதலில் துடைப்பத்தால் பெருக்கிய பின்னரே இயந்திரத்தை ஓட்ட வேண்டும்.

பாட்டரியும் கழிவு நீரும்

ஈய அமிலப் பாட்டரிக்கு மின்னேற்ற ஏறக்குறைய ஓர் இரவு வேண்டும். அதற்குக் காய்ச்சி வடித்த நீரை அவ்வப்போது ஊற்றிவர வேண்டும். மின்னேற்றும்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, அருகில் நெருப்பை விலக்க வேண்டும். லித்தியம் பாட்டரி விரைவில் நிரம்பும்; விலை அதிகம். அழுக்கு நீரைச் சென்னையில் மழைநீர் வடிகாலில் கொட்டினால் அது அடையாற்றையோ பக்கிங்ஹாம் கால்வாயையோ சேரும். கிராமத்தில் குளத்துக்கும் கிணற்றுக்கும் எட்டாத உறிஞ்சுகுழியில் விடுவதே முறை.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள சமுதாயக் கூடத்தின் பரப்பு 200 சதுர மீட்டர். இயந்திரத்துக்கு இது பத்து நிமிஷ வேலை. அதற்காகப் பெருந்தொகை செலவிடுவது தகாது. நல்ல மாப்பும், இரண்டு வாளிகளும், கையுறையும், நியாயமான கூலியும் போதும். சந்தையும் கிடங்கும் பல உள்ள இடத்தில், பஞ்சாயத்து யூனியன் மூலம் ஓர் இயந்திரத்தை முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மையை வேண்டும் 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தை மனத்திற்கொண்டு, கம்பெனியின் பெயரைக் குறிக்காமல், தேய்க்கும் அகலம், தொட்டியின் அளவு, பாட்டரி ஓடும் நேரம், உதிரிப் பாகம் கிடைக்கும் ஊர் ஆகியவற்றை எழுதிக் கேளுங்கள். விற்பனைக் கூடத்தின் பளபளப்பான தரையில் ஓட்டிக் காட்டுவதை ஏற்காதீர்கள். நம் தரையில், நம் அழுக்கின்மேல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அன்று அந்தக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியவர் தலைவரும் அல்லர், அங்கத்தினரும் அல்லர்; நாள்தோறும் அத்தரையைக் கழுவும் தொழிலாளியே. கைப்பிடியின் உயரம் அவருக்கு ஏற்றதா, தொட்டியை அவரால் தனியே காலி செய்ய முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

அவருக்குப் பயிற்சி அளிக்காமல் வாங்கிய இயந்திரம் ஆறு மாதத்தில் மூலையில் கிடந்து துருப்பிடிக்கும். அது வரி கொடுத்தவர் பணம். இயந்திரம் வந்தது என்பதற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்துவதும் நியாயமாகாது. மிச்சமாகும் நேரத்தைக் கழிப்பறைக்கும் வடிகாலுக்கும் பங்கிட்டால், ஊர் முழுவதும் சுகாதாரம் பெறும். தீர்மானம் நிறைவேற்றுவதற்கு முன் தரையை ஒருமுறை அளந்து, அதனைக் கழுவுபவரை ஒருமுறை கேட்டறிவோமாக!