முன்னேற்றம் எதனால் வந்தது?

அன்புள்ள தம்பி,

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தெரபியோடு ஹோமியோபதி மருந்தும் கொடுத்து, ஆறு மாதத்தில் என்ன முன்னேற்றம் என்று பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். தெரபியை நிறுத்தச் சொல்லாதவரை சந்தோஷம். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து கொடுத்துவிட்டு, முன்னும் பின்னும் மதிப்பெண் போட்டால் உனக்கு எதுவும் தெரியவராது.

தெரபி அறையில் போய் உட்கார்ந்து பார். சோப்புக் குமிழி ஊதும் ஸ்பீச் தெரபிஸ்ட் சட்டென்று நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். பிள்ளை முகத்தைப் பார்த்தால்தான் அடுத்த குமிழி. வீட்டில் அம்மா முறுக்கை வைத்துக்கொண்டு அதையே செய்வாள். மாதக்கணக்கில் இப்படி நடந்தபின் ஒருநாள் ‘தா’ என்று சொல் வரும். அந்த வாரம் உன் மருந்து போயிருந்தால் பெயர் மருந்துக்குப் போய்விடும். வயது ஏற ஏறத் தானாக வரும் வளர்ச்சியும் அதன் கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்படித்தான் 1998இல் அமெரிக்காவில் செக்ரெடின் என்ற குடல் ஹார்மோன் ஏற்றிய மூன்று பிள்ளைகள் தேறியதாகச் செய்தி வந்தது. பெற்றோர் அலைமோதினார்கள். அடுத்த ஆண்டே 60 பிள்ளைகளைக் கொண்ட ஒரு சோதனையின் முடிவு வெளியானது. பாதிப் பேருக்குச் செக்ரெடின், மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். இரண்டு பக்கமும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த ஊசியில் ஆர்வமாகவே இருந்தார்கள்.

உன் மருந்துக்கு இந்தக் கண்டிப்பு இன்னும் அதிகமாக வேண்டும். 30சி என்றால் நூற்றில் ஒரு பங்காக 30 தடவை நீர்த்தது. மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015இல் 176 ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதற்கு நம்பகமான சான்று இல்லை என்றது. நீ உழைத்துப் படித்த படிப்பைப் பற்றி இப்படிக் கேட்க வலிக்கும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆகவே பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரி. தெரபி இரண்டு அணிக்கும் ஒன்றே. ஓர் அணிக்கு மருந்து, மற்றதற்கு மருந்து சேர்க்காத சர்க்கரை உருண்டை. எது யாருக்கு என்று பெற்றோருக்கும், மதிப்பெண் போடுபவருக்கும், உனக்கும் தெரியக்கூடாது. எதை அளக்கப்போகிறாய் என்பதை முன்கூட்டியே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) பதிவு செய், பிறகு மாற்றாதே. பிள்ளைகள் ஏற்கெனவே சாப்பிட்டுவரும் வலிப்பு மாத்திரையில் கை வைக்காதே. மருந்துக்கென்று பெற்றோரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதே.

வித்தியாசம் இல்லை என்று வந்தால் அதையும் அப்படியே வெளியிடு. நகையை அடகு வைத்துத் தெரபிக்குப் பணம் கட்டும் தாய்க்கு, எதற்குச் செலவழிக்க வேண்டாம் என்று நிச்சயமாகச் சொல்வதும் வைத்தியம்தான்.

அன்புடன்,
பெரியம்மா