உழவரும் பறவையும்

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த கரிசல் நிலமாகும். பருத்தியும் மிளகாயும் சிறுதானியங்களும் ஆங்கு வானம் பார்த்து விளைவன. நெல் விளைய வேண்டுமாயின் கண்மாய் பெருக வேண்டும். உழவு ஒன்றே யாவர்க்கும் வாழ்வளிக்கப் போதாமையின், அந்நிலத்து மக்கள் பிற தொழில்களையும் நாடினர். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். பின்னர் வாணவெடித் தொழிலும் ஆங்கு வேரூன்றியது. இன்று தீபாவளி நாளில் நாடெங்கும் எழும் வெடியோசையிற் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில் பிறந்ததே.

அவ்வோசை எழாத ஊர் ஒன்று உண்டு. அது சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூரை அடுத்துள்ள கொள்ளுகுடிப்பட்டி. 1985ஆம் ஆண்டு வரை சிவகாசியும் இவ்வூரும் இராமநாதபுரம் என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இவ்வூரைச் சார்ந்த கண்மாய்கள் 1977ஆம் ஆண்டில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றன.

வடகிழக்குப் பருவமழையால் கண்மாய் நிறையுங்கால் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் முதலிய பறவைகள் வந்து, நீரிடையே நிற்கும் மரங்களிற் கூடு கட்டுகின்றன. தீபாவளியும் அப்பருவத்திலேயே வருகின்றது. வெடியோசைக்கு அஞ்சித் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுமாயின், முட்டை கெடும், காக்கை கவரும், குஞ்சு தவறி நீரில் வீழும். இதனை உணர்ந்த ஊரார், பல்லாண்டுகளாக வெடி வெடிப்பதையே விட்டொழித்தனர். சிறுவரும் இதற்கு உடன்பட்டு நிற்கின்றனர் என்பது எண்ணி வியத்தற்குரியது.

இச்செயலுக்கு அருள் ஒன்றே காரணமோ எனின், பொருளும் காரணமாம். பறவைகளின் எச்சம் நீரிற் கலந்து, தழைச்சத்தும் மணிச்சத்தும் உடைய உரமாகி, மதகின் வழியே வயலை அடைகின்றது. நாரை வயலிலுள்ள நத்தையையும் நண்டையும் உண்கின்றது. உண்ணிக்கொக்கு பயிரைத் தின்னும் வெட்டுக்கிளியைப் பொறுக்குகின்றது. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் உழவர் இவ்வுண்மையை நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டில் கலெக்டர் பிளேஸ் என்பார் ஏரியின் பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்றுக் கௌல் அளித்தார். சட்டம் பிறக்குமுன்னரே உழவர் காவல் பிறந்தது என்பதற்கு இதுவே சான்று.

எனினும், நன்மையை மட்டும் கூறி இழப்பை மறைத்தல் முறையன்று. சரணாலயமான கண்மாயில் மீன் பிடித்தலும் மரம் வெட்டுதலும் கூடா; ஆகலின் குத்தகை வருவாய் ஊருக்கு இல்லையாம். நீலத்தாழைக்கோழி நெற்பயிரை ஒடித்துச் சேதம் விளைக்கும். மழை பொய்த்த ஆண்டில் துன்பம் இன்னும் பெரிது. கதிர் முற்றக் கடைசித் தண்ணீர் வேண்டும் என்பான் உழவன். அந்நீரை முற்றும் வடித்துவிட்டால், பறக்கவியலாத குஞ்சுகள் இரையின்றி மடியும். ஈண்டு இருவர் பசியும் மெய்ப்பசியே.

இதனைத் தீர்க்கும் வழி யாது? குஞ்சுகள் பறந்து சென்ற கோடையில் கண்மாயைத் தூர் வாரினால், அடுத்த ஆண்டு இருவர்க்கும் போதிய நீர் தங்கும். எச்சம் படிந்த வண்டல் வயலுக்கு எருவாகும். தூர் வாருங்கால் கூடு கட்டும் மரங்களை விட்டுவைத்தல் வேண்டும். பறவையாற் பயிர் அழிந்தவர்க்கு ஈடு செய்தல் வேண்டும். பறவை நாட்டின் செல்வமாயின், அதனைக் காக்கும் செலவை ஓர் ஊரின் தலையில் மட்டும் ஏற்றுதல் நீதியாகாது.

கொள்ளுகுடிப்பட்டி மக்களுக்குத் தீபாவளி தோறும் வனத்துறையினர் இனிப்பு வழங்கிப் பாராட்டுவது வழக்கம். அது நன்றே, ஆயினும், நம் கடன் அவ்வினிப்போடு தீர்ந்துவிடாது.

மாணவர்களே! வெடி செய்வோரின் உழைப்பையும் இகழற்க. வெடி துறந்தோரின் ஈகையையும் மறவற்க. எதற்கும் இடமும் காலமும் உண்டு. நும் ஊர்க் கண்மாயிலும் நீரும் மரமும் நிலைக்குமாயின் ஆங்கும் பறவைகள் வரும். அவை கூடு கட்டிய மரத்தருகே வெடி கொளுத்தாதிருத்தல் நும்மால் இன்றே இயல்வதாகும்.